ஜோகிம் சாச்சாவுக்கு வயது 300: திலோனியா இரவுப் பள்ளிகளில் ஒரு கைப்பொம்மை

பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். வாத்தியார் பெற்றோரைக் குறை சொல்கிறார், பெற்றோர் வாத்தியாரைக் குறை சொல்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து விசாரித்தால் இரண்டு தரப்பும் வாயைத் திறக்காது. அவர் போனதும் பழையபடி ஆரம்பிக்கும். எந்த மாநிலத்துக் கிராமத்திலும் நடக்கக்கூடியதுதான் இது. ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில், திலோனியாவைச் சுற்றியுள்ள ஊர்களில், இப்படிப்பட்ட சண்டையைத் தீர்க்க ஒரு கைப்பொம்மை வரும். அதன் பெயர் ஜோகிம் சாச்சா. சாச்சா என்றால் இந்தியில் சித்தப்பா. ஊர் கூடியிருக்கும் இடத்தில் அது வாத்தியாரையும் பெற்றோரையும் முன்னால் கூப்பிடும், கை குலுக்கச் சொல்லும், பிள்ளைகளின் வருகை இனிக் குறையக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போகும். இதை 2011இல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் உலகத்துக்குச் சொன்னவர் திலோனியா நிறுவனத்தைத் தொடங்கிய பங்கர் ராய்.

பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கை கழுவுவது, குப்பையைத் தொட்டியில் போடுவது, பள்ளிக்கு ஒழுங்காகப் போவது என்று எதைச் சொல்ல வேண்டியிருந்தாலும் ஒரு பொம்மையைத் தேடுகிறோம். திலோனியா எனக்கு முக்கியமாகப் படுவது வேறு காரணத்தால். அங்கே பொம்மைக்குக் கிராமத்தில் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். பெரியவர்களை ஊர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையும் அந்தப் பொறுப்போடு சேர்ந்தே வந்தது. பிள்ளைகளை இழுத்ததில் வண்ணத் துணிக்கும் வேடிக்கைக் குரலுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த உரிமையின் பங்குதான் பெரியது என்பது என் கணிப்பு.

ஊரும் இரவுப் பள்ளியும்

ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், பளிங்குக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன கிஷன்கட் பக்கத்தில் இருக்கிறது திலோனியா. வறண்ட பூமி. ஆடு, மாடு, கொஞ்சம் மானாவாரிச் சாகுபடி, பஞ்ச காலத்தில் அரசாங்க நிவாரண வேலை. 1972இல் பங்கர் ராய் அங்கே போய், கைவிடப்பட்டுக் கிடந்த காசநோய் மருத்துவமனை வளாகத்தில் சமூகப்பணி ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதுவே பேர்ஃபுட் காலேஜ் என்று பெயர் பெற்றது. நிலத்தடி நீரைக் கணக்கெடுப்பதுதான் ஆரம்ப வேலை. போகப்போக, பட்டம் பெற்ற வெளியூர்க்காரர்களை நம்பியிருப்பதைவிட ஊர்க்காரர்களையே கைபம்பு பழுதுபார்க்க, பாடம் நடத்த, சூரிய விளக்கு மாட்டப் பழக்குவது என்ற முடிவுக்கு வந்தார்கள். பொம்மையின் கதையும் இந்த முடிவிலிருந்துதான் கிளைக்கிறது.

1970களின் நடுவில் அந்த ஊர்களில் பகல் பள்ளிக்கூடம் இருந்தது, அதற்குப் பல பிள்ளைகள் போகவில்லை. போக முடியாது. காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு. பெண்பிள்ளைகளுக்கு ஆட்டோடு தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் சேர்ந்துகொள்ளும். சரி, பிள்ளைகள் எப்போது சும்மா இருக்கிறார்களோ அப்போது பள்ளி நடக்கட்டும் என்று 1975இல் இரவுப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரர்களே ஆசிரியர்கள். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு சூரிய ஒளி விளக்கு. எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்ததோடு நிலத்தை அளப்பது எப்படி, போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்ய வேண்டும், ஆடு மாட்டுக்கு நோய் வந்தால் என்ன பார்க்க வேண்டும், ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்பதெல்லாமும் பாடமாக இருந்தன. 75,000 பிள்ளைகளுக்கு மேல் இந்தப் பள்ளிகளில் படித்திருக்கிறார்கள் என்று 2011 உரையில் ராய் சொன்னார். பள்ளி பிள்ளையின் வசதிக்காக நடக்கிறது, ஆசிரியரின் வசதிக்காக நடக்கவில்லை என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

திலோனியா இருக்கும் சிலோரா வட்டாரத்தில் நடந்த இந்த ஆரம்பகால முயற்சியை அடியொற்றித்தான் ராஜஸ்தான் அரசு 1987இல் சுவீடன் உதவியோடு சிக்ஷா கர்மி திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசிரியர் வராமல் கிடந்த பள்ளிகளில் உள்ளூர் இளைஞர்களை அமர்த்தும் திட்டம் அது.

நாள் முழுக்க வெயிலில் ஆட்டின் பின்னால் நடந்த ஒரு 8 வயதுப் பிள்ளையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரவு சாப்பாடு ஆகிவிட்டது. கண் சொக்குகிறது. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து விளக்கைச் சுற்றி உட்கார வேண்டும். எழுத்துக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று அவளை அங்கே இழுக்க வேண்டும். அனுப்புகிற அம்மாவுக்கும் நம்பிக்கை வர வேண்டும். எழுத்தறிவு குறைந்த ஊர் என்பதால் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. எங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகமோ அங்கே பொம்மையைக் கொண்டு பேசுகிறோம் என்பதைத்தான் ராயும் சொல்கிறார்.

நூலிலிருந்து கைக்கு

ராஜஸ்தானில் பொம்மை என்றால் கட்புத்லி. நாகோர், மார்வார் பக்கத்துப் பாட் சமூகத்தாரின் பரம்பரைக் கலை. மரத்தில் செதுக்கிய தலை, பெரிய கண்கள், தலையோடு சேர்த்தே செதுக்கிய தலைப்பாகை. கால் கிடையாது. இடுப்புக்குக் கீழே நீளப் பாவாடைதான். ஆட்டுவிப்பவர் அதைச் சுழற்றும் வேகத்தில் கால் இல்லை என்பதே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கட்டிலை நிமிர்த்தி வைத்துத் துணி கட்டினால் மேடை தயார். நாகோர் ராஜபுத்திர வீரன் அமர்சிங் ராத்தோர் ஷாஜஹான் தர்பாரில் போட்ட சண்டைதான் அவர்களின் பெயர்பெற்ற கதை. 1644இல் ஆக்ரா தர்பாரில் நடந்த சம்பவம் அது.

இந்தக் கலையில் என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. பொம்மை மனிதக் குரலில் பேசாது. ஆட்டுவிப்பவர் மூங்கிலும் தோலும் வைத்துச் செய்த சின்னச் சீழ்க்கையைப் பல்லிடுக்கில் வைத்துக் கீச்சுக் கீச்சென்று ஊதுவார். அது என்ன சொல்கிறது என்று வெளியே டோலக்கோடு உட்கார்ந்திருப்பவர்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆட்டுவிப்பவரின் மனைவி. "என்னது, ராஜா வருகிறாரா? எத்தனை குதிரையோடு?" என்கிற மாதிரி அவர் திருப்பிக் கேட்கக் கேட்கக் கதை நகரும். கேள்வியும் பதிலுமாகவே கட்டப்பட்ட கலை அது. உள்ளே இருப்பவர் மட்டும் பேசி முடித்துவிட முடியாது.

திலோனியாவின் தகவல் தொடர்புக் குழு இந்தக் கலையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நூலை விட்டுவிட்டுக் கைப்பொம்மைக்கு வந்தார்கள். இதில் இழப்பு உண்டு. கட்புத்லியின் சுழற்சி, குதிரைவீரனின் பாய்ச்சல், தலையைக் கழற்றிக் கையில் ஏந்தி ஆடும் வித்தைக்காரன், இவை ஒன்றும் கைப்பொம்மையில் வராது. ஆனால் வேறொன்று கிடைக்கிறது. நூல் பொம்மைக்காரர் திரைக்கு மேலே குனிந்து நிற்க வேண்டும், இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்கும், கூட்டத்தின் பக்கம் அவரால் நகர முடியாது. கைப்பொம்மைக்கு மேடையே தேவையில்லை. ஆள்காட்டி விரல் கழுத்துக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகளுக்குள், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் நடுவே நடந்து போகலாம். ஒருத்தியின் பலகையை எட்டிப் பார்க்கலாம். கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவனின் மூக்கைத் தொடலாம். ஊர்ப் பேச்சிலேயே கேட்கலாம், பதில் வந்த உடனே அதற்கு மறுபதிலும் சொல்லலாம்.

கைப்பொம்மை பிள்ளைகளிடம் என்ன செய்யும் என்பது எனக்கு நேரில் தெரிந்த விஷயம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நானும் அதை வைத்துக் கதை சொல்லி வருகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். டீச்சர் பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பான். நான் கேட்டாலும் அப்படித்தான். பொம்மை அவன் முன்னால் போய் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அதன் காதுப் பக்கமாகக் குனிந்து, "எங்க ஆடு குட்டி போட்டிருக்கு, ரெண்டு" என்றான். என் கை அதற்குள் இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். குரல் என்னுடையது என்பதும் தெரியும். இருந்தும் கடைசி வரை அவன் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகள் ஏமாறுவதில்லை. பேசுவதற்குத் தோதான ஆள் கிடைத்ததும் பேசுகிறார்கள். பொம்மை மதிப்பெண் போடாது, வீட்டில் போய்ச் சொல்லாது, அதட்டினாலும் அடிக்காது.

சாச்சாவின் அதிகாரம்

ஜோகிம் சாச்சா தலைப்பாகை கட்டிய கிழவர். வயது 300 என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி ராய் பேசும்போது வரிசையாக அடுக்குவார்: தன் மனநல வைத்தியர், ஆசிரியர், டாக்டர், வக்கீல், நன்கொடையாளர் எல்லாம் அவர்தான், பணம் திரட்டுவதும் ஊர்த் தகராறைத் தீர்ப்பதும் அவர்தான் என்று. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்தால், ஒரு கிராமம் யார் யாரிடம் போய்ப் பேசத் தயங்குமோ அவர்களின் பட்டியல் அது என்று தெரியும்.

அந்த 300 வயதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதுக்கு மரியாதை கொடுக்கும் ஊரில், எல்லோரையும்விட மூத்தவராக ஒருவரை உருவாக்கினால், அவரை எதிர்த்துப் பேசும் மூப்பு யாருக்கும் இருக்காது. பஞ்சாயத்துத் தலைவரின் தாத்தாவையும் "அவனா, எனக்குத் தெரியாதா" என்று சொல்லக்கூடியவர் சாச்சா. அதே நேரத்தில் அவர் பொம்மை. அவர் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு அடிக்கப் போனால் அடிக்கப் போகிறவர்தான் சிறுத்துப் போவார். இன்னொன்றும் இருக்கிறது. காகிதக்கூழில் செய்த அவருக்குச் சாதி கிடையாது. எந்தத் தெருவில் வீடு, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார் என்ற கேள்விகள் அவரிடம் செல்லாது. ராஜஸ்தான் கிராமத்தில் இது லேசான விஷயம் இல்லை.

இதைப் பிள்ளைகளின் இடத்திலிருந்து பாருங்கள். வாத்தியார் வராத நாட்களை எண்ணி வைத்திருப்பது பிள்ளைதான். வீட்டில் யார் தன்னைப் பள்ளிக்குப் போக விடாமல் நிறுத்துகிறார்கள் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். இரண்டையும் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. இப்போது விளக்கு வெளிச்சத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது ஒரு பொம்மை வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்கிறது, அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கிறது. அவர்கள் எழுந்து வந்து பதில் சொல்கிறார்கள். தன் படிப்பு ஊர்ப் பொது விஷயம் என்பதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிறாள். அடுத்த நாள் ராத்திரி அவள் வருவதற்கு இது போதுமான காரணம். அப்பாவுக்கும் வாத்தியாருக்கும்கூட இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆபீசர் சொல்லிக் கேட்டால் மானம் போனதாக ஆகும். சாச்சா சொல்லிக் கேட்டால் யாருக்கும் தோல்வி இல்லை, சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுப் போகலாம்.

அங்கே பொம்மைகளைச் செய்த காகிதம் எங்கிருந்து வந்தது என்பதையும் ராய் அந்த உரையில் சொல்லியிருக்கிறார். பழைய உலக வங்கி அறிக்கைகளை ஊறவைத்து அரைத்த கூழாம். கிராமத்து மக்களின் கண்ணுக்குப் படாமலேயே எழுதி முடிக்கப்பட்ட தாள்கள் கடைசியில் அவர்களிடமே வந்து, அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்தன என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

பேசிவிட்டுப் போவதோடு முடியவில்லை

இங்கேதான் திலோனியா மற்ற பல முயற்சிகளிலிருந்து பிரிகிறது. சாச்சா ஊருக்கு வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு, மறுநாள் முதல் கேட்பதற்கு ஆள் இருந்தது. அந்த ஆட்கள் பிள்ளைகளே. 1993இல் பால் சன்சத் என்ற குழந்தைகள் நாடாளுமன்றத்தை ஆரம்பித்தார்கள். இரவுப் பள்ளிகளில் படிக்கும் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களையும் பிரதமரையும் தேர்ந்தெடுப்பார்கள். கல்வி, எரிசக்தி, சுகாதாரம் என்று அமைச்சர்களும் உண்டு. வாத்தியார் நேரத்துக்கு வருகிறாரா, விளக்கு எரிகிறதா, பலகை போதுமா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை. 150 பள்ளிகளையும் அவற்றில் படிக்கும் 7,000 பிள்ளைகளையும் இவர்கள் மேற்பார்வை செய்கிறார்கள் என்பது ராய் 2011இல் சொன்ன கணக்கு.

அவர் சொன்ன சம்பவம் ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். பிரதமராக இருந்த 12 வயதுச் சிறுமி காலையில் 20 ஆடு மேய்ப்பவள். உலகக் குழந்தைகள் பரிசுக்காகச் சுவீடன் போனாள். ஊரை விட்டு அவள் வெளியே போனதே அதுதான் முதல் தடவை. எதைப் பார்த்தும் மலைத்துப் போகாத அவளைக் கவனித்த சுவீடன் ராணி, இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். அவள் ராணியை நேராகப் பார்த்து, நான் பிரதமர் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றாளாம்.

இந்தத் தைரியத்தைப் பொம்மை கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்களைப் பொது இடத்தில் கேள்வி கேட்கலாம், கேட்டால் வானம் இடிந்து விழாது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு பொம்மையிடம் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். பிறகு அதைத் தாங்களே செய்ய ஒரு அமைப்பு கிடைத்திருக்கிறது. இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். பொம்மை மட்டும் இருந்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறை நல்ல வேடிக்கை. நாடாளுமன்றம் மட்டும் இருந்திருந்தால், பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் இன்னொரு பள்ளி விழா.

ஆட்டுவித்தவர்கள் யார் என்பதும் முக்கியம். ஊர்க்காரர்கள். பல வேலை பார்த்துவிட்டுத் திலோனியாவுக்கு வந்து சேர்ந்த சங்கர் சிங் அவர்களில் ஒருவர். ஐஏஎஸ் பதவியை விட்டுவிட்டுத் திலோனியாவுக்கு வந்த அருணா ராயும் அங்கேதான் அவரைச் சந்தித்தார். சென்னையில் பிறந்த அருணா, சிறுவயதில் கலாக்ஷேத்திராவில் கொஞ்சகாலம் படித்தவர். இருவரும் பிறகு திலோனியாவை விட்டு வெளியேறி, நிகில் டேயுடன் சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். நிவாரண வேலையில் கூலி கொடுத்ததாகப் பொய்க்கணக்கு எழுதியதை ஊர் முன்னால் வாசித்துக் காட்டிய ஜன் சுன்வாய் (மக்கள் விசாரணை) கூட்டங்கள் 1994இல் தொடங்கின. 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி போட்டவை அந்தக் கூட்டங்கள். அவற்றிலும் தர்ணாப் பந்தல்களிலும் சங்கர் சிங்கின் பாட்டும் நாடகமும் பொம்மையும் கூடவே இருந்தன. "கணக்கைக் காட்டு" என்று கேட்கும் பழக்கம் பள்ளிக்கூட வாசலிலும் கூலிக் கணக்கிலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்க வேண்டிய சில கேள்விகள்

75,000 பிள்ளைகள் என்ற கணக்கைப் பொம்மையின் பேரில் எழுதிவிடக் கூடாது. பள்ளி நேரத்தை மாற்றியது, விளக்கு, உள்ளூர் ஆசிரியர், பிள்ளைகளின் மேற்பார்வை, இவை எல்லாமே சேர்ந்து செய்த வேலை அது. இவற்றில் பள்ளி நேரத்தை மாற்றியதுதான் முதல் காரணமாக இருக்க வேண்டும். ஆட்டுக்காரப் பிள்ளைக்குப் பகலில் பள்ளி வைத்துவிட்டு எத்தனை சாச்சாக்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் வருகை ஏறியிருக்காது.

பகலில் பிள்ளை வேலை செய்வதை இரவுப் பள்ளி ஏற்றுக்கொள்வதாக ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் அனைவரும் முறையான பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திசைதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1975இல் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்தது இரவுப் பள்ளியா பகல் பள்ளியா என்ற தேர்வு இல்லை. இரவுப் பள்ளி, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அதை மறந்துவிட்டு இன்றைய சட்டத்தை வைத்து அன்றைய முயற்சியைத் தள்ளிவிட முடியாது.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது கேள்வி. பாரம்பரியக் கலையை எடுத்துப் பயன்படுத்தும்போது, அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? திலோனியாவின் கைப்பொம்மை கட்புத்லி மண்ணில் முளைத்ததுதான், ஆனால் கட்புத்லிக் குடும்பங்களின் வயிற்றுப்பாடு அதனால் மாறவில்லை. அவர்களில் பலர் பிழைப்பு தேடி டெல்லி ஷாதிபூர் பக்கம் குடியேறினார்கள். கட்புத்லி காலனி என்றே பெயர்பெற்ற அந்தக் குடியிருப்பு மறுகட்டுமானத் திட்டத்துக்காக 2017இல் இடிக்கப்பட்டது. ஹோட்டல் முற்றத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆட்டிக் காட்டும் பொம்மை ஒரு பக்கம், கிராமத்தில் நியாயம் கேட்கும் பொம்மை இன்னொரு பக்கம் என்று கலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே குடும்பம் செய்யும்படி ஒரு ஏற்பாடு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நம் பக்கம் பார்த்தால்

தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு ஜோகிம் சாச்சா அந்நியமாகத் தெரிய மாட்டார். நம்மிடம் உச்சிக்குடுமியனும் உளுவத்தலையனும் இருக்கிறார்கள். இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து ஊர் விஷயம் பேசுவார்கள், பெரிய மனிதர்களைக் கேலி செய்வார்கள். பிள்ளைகள் விழித்துக் காத்திருப்பது இவர்களுக்காகத்தான். ஆட்டுத்தோலில் பாவை செய்து, ஒரே ஆள் அத்தனை குரலும் கொடுத்து ஆட்டும் இந்தக் கலை, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்களிடம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் மதுரைப் பக்கத்திலும் இன்னும் சிலர் ஆட்டுகிறார்கள். தஞ்சை வட்டாரத்துப் பொம்மலாட்டம் வேறு வகை. இரும்பு வளையத்தில் நூலைக் கட்டி ஆட்டுவிப்பவர் அதைத் தலையில் மாட்டிக்கொள்வார், கையில் கம்பி இருக்கும். கனமான மரப்பொம்மைகள். கூட்டத்துக்குள் இறங்கிப் பிள்ளையின் பலகையைப் பார்ப்பது அதனால் ஆகாத காரியம். தோல்பாவையும் திரைக்குப் பின்னால்தான். ஆனாலும் திரையைத் தாண்டிப் பேசும் வாய் உச்சிக்குடுமியனுக்கு இருக்கிறது. ஆட்டுவிப்பவர் கதையை நிறுத்திவிட்டு முன்வரிசைப் பையனைச் சீண்ட முடியும்.

நாம் இந்தக் கலைஞர்களைக் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. அறிவொளி இயக்கக் காலத்தில் கலைப்பயணங்கள் ஊர் ஊராகப் போயின. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும் கலைக்குழுக்கள் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளையும் பெற்றோரையும் திரட்டின. நல்ல வேலை அது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகளை வெளியே வரவைக்க அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. பொதுவாகவே நம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான்: உச்சிக்குடுமியனின் வாயில் துறையின் வாசகத்தைத் திணிக்கிறோம். அவர் கேலி செய்ய முடியாது, யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. "படிப்போம் உயர்வோம்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். பிள்ளைகள் சிரித்துப் பார்த்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். அவருடைய உண்மையான திறமையை வெளியே விட்டுவிட்டுத் தோலை மட்டும் மேடைக்கு அழைத்து வருகிறோம்.

திலோனியாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இதை எடுத்துக்கொள்வேன். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். கூட்டம் நடக்கிறது, கையெழுத்து வாங்குகிறார்கள், பேசுகிறவர் ஓரிருவர். அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வட்டாரத்தில் உள்ள தோல்பாவைக் கலைஞர் ஒருவரைப் பள்ளிக்குக் கூட்டி வர வேண்டும். முதலில் அவர் பிள்ளைகளோடு மட்டும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்லை, யார் வகுப்பில் வராமல் நின்றுவிட்டார்கள் என்பதை உச்சிக்குடுமியன் அவர்களிடமே கேட்கட்டும். எந்தப் பிள்ளை சொன்னது என்று வெளியே தெரியாதபடி, இருட்டியதும் திரை கட்டி ஊர் முன்னால் அதைக் கதையில் கலந்து ஆடட்டும். மறுநாள் குழுவின் தீர்மான நோட்டில் அவை ஏற வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே கலைஞர் திரும்பி வந்து, போன தடவை சொன்னது என்ன ஆச்சு என்று உளுவத்தலையனை விட்டுக் கேட்க வேண்டும்.

இதற்குக் கலைஞருக்கு ஒவ்வொரு முறையும் ஒழுங்கான சம்பளம் வேண்டும், போக்குவரத்துச் செலவு வேண்டும், அவர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கூடவே வந்து பழக வழி வேண்டும். தலைமையாசிரியர் ஒருவர் முன்வந்தால் ஒரு ஒன்றியத்தில் நான்கைந்து பள்ளிகளில் ஒரு கல்வியாண்டு நடத்திப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த கலைஞர்களிடம் இதைப் பேசியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. "வாத்தியாரைக் கேலி பண்ணினா அப்புறம் எங்களைக் கூப்பிடுவாங்களா?" என்றுதான் கேட்டார்கள்.